பொன்னுக்குப் பின்னே ஒரு மூச்சு

திருமணத் திருப்பலியில் மந்திரிப்பதற்காக மங்கல நாணை என்முன் நீட்டும்போதெல்லாம் ஓர் ஊர் நினைவுக்கு வரும். செட்டிநாட்டில் பொன்னின் எடை பேசப்படாத திருமணம் அரிது. பொன்னை மண்ணிலிருந்து எடுத்தவரைப் பற்றிய பேச்சோ அதனினும் அரிது.

அவ்வூர் கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியை ஏற்றது. வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைத் தமிழர் ஆயிரக்கணக்கில் சென்றனர். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையடிமை வாழ்வைவிட இருட்சுரங்கமே மேல் என்று துணிந்தவர்கள். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம் பெங்களூரை எட்டுமுன்பே தங்கவயலை எட்டியது. துரைமார்களுக்குப் பங்களாக்கள் எழுந்தன. தொழிலாளர்க்கோ 'லைன்' எனப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளே.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கியது. அங்கே பாறையே அனலாய்க் கொதித்தது. அழுத்தம் தாங்காது அது திடீரென வெடித்துச் சிதறியபோதெல்லாம் உயிர்கள் மாண்டன. தப்பியோரில் பலருடைய நுரையீரலைச் சிலிக்காத் தூசி சிறிது சிறிதாக அரித்தது. எனினும் அவர்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் அங்கே வேரூன்றியது, தொழிற்சங்கம் வளர்ந்தது. 1930-இல் கைரேகை பதிக்கச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். மானத்தின் குரல் அது.

சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் கிடைத்ததென்பர். ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெரும்பகுதி கடல் கடந்தது. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எடுக்கும் செலவு பொன்னின் விலையை விஞ்சவே, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகளும், விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறும் மக்கள் கூட்டமுமே.

சுலோவேனியா நாட்டின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இட்ரியா என்னும் ஊர் உண்டு. 1490 முதல் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பாதரசம் எடுத்த ஊர். தொழில் ஓய்ந்தபின் சுரங்கத்தையே அருங்காட்சியகமாக்கினர். 2012-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. உழைத்தவரின் நினைவை அவ்வூர் காத்துக்கொண்டது. தங்கவயலின் நினைவைக் காப்பவர் யார்?

யோபு நூலின் 28-ஆம் அதிகாரம் சுரங்கம் தோண்டும் மனிதனின் துணிவை வியந்து தொடங்குகிறது. ஞானம் எங்கே கிடைக்கும் என்னும் வினாவில் வந்து நிற்கிறது. நாம் அணியும் பொன்னுக்குப் பின்னே யாரோ ஒருவரின் மூச்சு இருக்கிறது என்று உணர்வதும் அந்த ஞானத்தில் ஒரு பகுதியே என எண்ணுகிறேன்.