துப்பாக்கி லைசென்ஸும் ஒரு டாக்டரின் கையெழுத்தும்: டன்பிளேன் சொல்லும் பாடம்

போன வாரம் ஓபி முடியுற நேரம். அறுபது வயதைத் தொடும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வந்தார். இப்போது வங்கிக் காவலாளி. துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டுமாம்.

"சார், பிரஷர் இல்ல, சுகர் இல்ல, கண் ஆபரேஷன் பண்ணியாச்சு. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா கிளம்பிடுவேன்" என்றார்.

பிரஷர் பார்த்தேன். கண் பார்த்தேன். கை நடுக்கம் இல்லை. ஆனால் மனநலமும் சரியாக இருக்கிறது என்று நான் சான்று தரணும். அதை அளக்க என் மேஜையில் எந்தக் கருவியும் இல்லை.

அப்போது ஞாபகம் வந்த ஊர்தான் டன்பிளேன். இதே கேள்வியை ஒரு நாடே கேட்டுக்கொண்ட கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1996 மார்ச் 13, புதன்கிழமை. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற சின்ன ஊர். காலை ஒன்பதரை மணி வாக்கில் ஆரம்பப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் 43 வயது ஆள் ஒருவன் நுழைந்தான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

கையில் நான்கு கைத்துப்பாக்கிகள். இரண்டு பிஸ்டல், இரண்டு ரிவால்வர். மூன்று நான்கு நிமிடத்தில் நூறுக்கும் மேற்பட்ட முறை சுட்டான். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் 16 பேரும் அவர்களுடைய ஆசிரியை க்வென் மேயரும் இறந்தார்கள். கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டான்.

அந்த ஊர் ஹெல்த் சென்டரின் டாக்டர்களும் நர்ஸ்களும் ஓடி வந்து முதலுதவி செய்தார்கள். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி நினைச்சுக்கோங்க. தாங்களே தடுப்பூசி போட்டு வளர்த்த பிள்ளைகள். அந்தக் காட்சியை என்னால் முழுசா கற்பனை செய்ய முடியவில்லை.

பின்னாளில் டென்னிஸ் சாம்பியனான ஆண்டி மர்ரி அன்று அதே பள்ளியில் படித்த எட்டு வயதுப் பையன்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அந்த நான்கு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் இருந்தது. அவன் 1977 முதல் லைசென்ஸ் வைத்திருந்தவன். சிறுவர்களுக்கு அவன் நடத்திய கிளப்கள் பற்றிப் பெற்றோர் பலமுறை புகார் சொல்லியிருந்தார்கள். 1991-லேயே ஒரு துப்பறியும் சார்ஜென்ட், இவன் லைசென்ஸை ரத்து செய்ய யோசிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். நடவடிக்கை இல்லை.

விசாரணைக்கு நியமிக்கப்பட்ட நீதிபதி கல்லன் பிரபு, 1996 அக்டோபரில் அறிக்கை கொடுத்தார். ஒரு டாக்டராக என்னை உலுக்கிய இடம் அதில்தான் வருகிறது.

லைசென்ஸ் கேட்பவரை டாக்டரோ மனநல நிபுணரோ பரிசோதித்தால் போதாதா? இதை அவர் விரிவாகவே ஆராய்ந்தார். அவர் வந்த முடிவின் சாரம்: நாளைக்கு ஒருவருக்கு ஆபத்தான மனநோய் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மனசுக்குள் வன்முறையை ஒளித்து வைத்திருப்பவரை நிச்சயமாகக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆகவே ஆளை மட்டும் பார்த்தால் போதாது, துப்பாக்கியையும் பார்க்கணும்.

இன்னொன்றையும் சொல்லணும். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. இதைப் படித்துவிட்டு அவர்களைச் சந்தேகமாகப் பார்க்காதீங்க.

சரி, எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொடுக்கணும்? அங்கேதான் பெரிய சண்டை.

1987-இல் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைக் கொன்றபோது, அரைத் தானியங்கி வகை ரைபிள்களில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தார்கள். அவன் கைத்துப்பாக்கியாலும் சுட்டிருந்தான். ஆனால் கைத்துப்பாக்கியை விட்டுவிட்டார்கள்.

இந்த முறை மக்கள் விடவில்லை. மார்ச் மாதம் அங்கே பூக்கும் சின்ன வெள்ளைப் பூ ஸ்னோடிராப். அந்தப் பெயரில் தொடங்கிய மனுவில் ஏழு லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சுமார் 57,000 பேர், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். "ஒருத்தன் செஞ்சதுக்கு எங்களுக்கு ஏன் தண்டனை?" என்று கேட்டார்கள். கிரிக்கெட் மட்டையால் ஒருவன் அடித்துக் கொன்றால் மட்டையைத் தடை செய்வீர்களா என்று ராணியின் கணவர் இளவரசர் ஃபிலிப்பே கேட்டார்.

கேஷுவாலிட்டியில் வேலை பார்ப்பவனாக இதற்கு என் பதில்: மட்டையோடு வந்தவனை நாலு பேர் சேர்ந்து மடக்கலாம். மூன்று நிமிடத்தில் நூறு குண்டு சுடுபவனை மடக்க முடியாது.

1997 பிப்ரவரியில் முதல் சட்டம் வந்தது. பாயின்ட் 22-க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கி எல்லாம் தடை. பாயின்ட் 22 மட்டும் கிளப்பில் பூட்டி வைத்துப் பயிற்சி செய்யலாம். மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பரில் இரண்டாவது சட்டம், பாயின்ட் 22-உம் போச்சு.

ஒப்படைத்தவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. மொத்தம் சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. 1946-க்கு முந்தைய போர் நினைவுப் பொருள், குழாய் முனையில் மருந்து இடிக்கும் பழைய வகை, கால்நடை மருத்துவருக்கானது போன்ற சிலவற்றுக்கு விலக்கு. வட அயர்லாந்துக்கு இந்தத் தடை பொருந்தாது.

ஏர் பிஸ்டல் தப்பித்தது. மற்ற பிஸ்டல் போட்டி வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போனார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அரசு தனி அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அவர்களுக்கு இது உண்மையான இழப்பு, மறைக்க வேண்டாம்.

பலன் கிடைத்ததா? உடனே எல்லாம் மாறவில்லை. கள்ளத் துப்பாக்கிக் குற்றங்கள் அடுத்த சில வருடங்கள் கூடின, பிறகுதான் குறைந்தன. ஆனால் டன்பிளேன் மாதிரி ஒரு பள்ளிப் படுகொலை பிரிட்டனில் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

கதை அங்கேயும் முடியலை. 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஒருவன் மூன்று வயதுக் குழந்தை உட்பட ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். லைசென்ஸ் உள்ள ஷாட்கன். போலீஸ் பறிமுதல் செய்து, சம்பவத்துக்குச் சில வாரம் முன்பு திருப்பிக் கொடுத்த துப்பாக்கி அது. அதன் பிறகே, டாக்டரிடமிருந்து மருத்துவத் தகவல் வாங்கிப் பார்க்காமல் லைசென்ஸ் தரக்கூடாது என்று வழிமுறை வந்தது.

அதாவது டாக்டரின் கையெழுத்து தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது.

மறுபடி என் ஓபிக்கு வருவோம். அந்தப் பெரியவரை உட்காரச் சொன்னேன். "அய்யா, ராத்திரி தூக்கம் எப்படி? குடிப்பழக்கம் உண்டா? வீட்ல ஏதாவது பிரச்சனையா? வாழ்ந்து என்ன பண்ணப் போறோம்னு எப்பவாவது தோணிருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதலில் சிரித்தார். அப்புறம், மனைவி போய் எட்டு மாசம் ஆச்சு என்றார். அரை மணி நேரம் பேசினோம். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். "அவங்க பார்த்த பிறகு வாங்க, கையெழுத்து போடுறேன்" என்றேன். கோபப்படவில்லை. "யாரும் இதெல்லாம் கேட்டதில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் ஒரு வேண்டுகோள். வைத்திருப்பவர் மனம் உடைந்திருந்தாலோ, குடி கூடியிருந்தாலோ லைசென்ஸ் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் பேசி அதை ஒப்படைக்க வழி கேளுங்க. அவரை டாக்டரிடம் கூட்டிட்டு வாங்க. நாங்கள் கையெழுத்துப் போடுவது அன்றைய நிலைமைக்குத்தான். மறுநாள் அவர் எப்படி இருக்கிறார் என்பது கூட இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.