நாளை மழை என்று சொன்னவர்

2021 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் எக்ஸிடர் நகரத்துக்கு நான் படிக்கப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாடகை வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து வட்டாரச் செய்தியின் கடைசியில் வரும் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மழை மேற்கிலிருந்து வருமாம். விடியும்போது கார்ன்வாலில் இருக்கும். நண்பகலுக்குள் டெவனுக்கு வந்துவிடும். ஞாயிறு முழுக்க விட்டுவிட்டுப் பெய்யும், கரையோரங்களில் பலத்த காற்று. ஒரு சின்ன வட்டாரத்தை நான்காக வெட்டி, எந்தத் துண்டில் எத்தனை மணிக்கு நனையும் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிள்ளானில் வளர்ந்தவர்களுக்கு வானிலை அறிக்கை எதற்கு? வருசம் முழுக்க மத்தியானத்துக்கு மேல இருட்டும், இடிக்கும், பெய்யும். அம்மா வானத்தை ஒரு பார்வை பார்த்துட்டு, "துணிய எடு" என்பார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு வானிலை ஆய்வு.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. அறிக்கை பொய் என்று முடிவுகட்டித் துணிகளைப் பின்பக்கம் காயப்போட்டுவிட்டு நூலகம் போனேன். பன்னிரண்டு அடித்துக் கால் மணி நேரத்தில் மழை. துணி திங்கட்கிழமை வரை காயவில்லை.

பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைமையகம் அந்த நகரின் கிழக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. அது நிற்கும் சாலைக்கு ஃபிட்ஸ்ராய் சாலை என்று பெயர். யார் அந்த ஃபிட்ஸ்ராய் என்று தேடப்போய்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

*

ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1805-இல் பிறந்தவர். இரண்டாம் சார்லஸ் மன்னரின் வழிவந்த பிரபுக் குடும்பம். சிறுவயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1828-இல் தென்னமெரிக்காவின் தென்கோடியில் அளவைப் பணியில் இருந்த பீகிள் கப்பலின் தலைவர், தனிமையும் குளிரும் தாங்காமல் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர் 23 வயது ஃபிட்ஸ்ராய். அவருடைய மாமா காசல்ரே பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவரும் 1822-இல் தற்கொலை செய்துகொண்டவர். ஆக, அடுத்த பெரும்பயணத்துக்குக் கிளம்பும்போது ஃபிட்ஸ்ராய்க்கு ஒரு பயம் இருந்தது. கப்பலில் சமமாக உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். வந்து சேர்ந்தவர் 22 வயது சார்லஸ் டார்வின்.

1831 முதல் 1836 வரை நடந்த அந்தப் பயணத்தைப் பற்றி நாம் படித்ததெல்லாம் டார்வினின் கதை. கப்பலை உலகம் சுற்றி ஓட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர் அதில் ஓரமாக நிற்பார். பிறகு 1843-இல் நியூசிலாந்தின் ஆளுநராகப் போனார். மாவோரி மக்களிடமிருந்து குடியேறிகள் நிலம் பிடுங்குவதற்கு முழுதாக ஒத்துப்போகாததால் குடியேறிகளின் பகையைச் சம்பாதித்தார். 1845-இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

1854-இல் பிரிட்டிஷ் அரசு வர்த்தக வாரியத்தின் கீழ் ஒரு சின்ன வானிலைப் பிரிவைத் தொடங்கி ஃபிட்ஸ்ராயிடம் கொடுத்தது. வேலை, கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்று, அழுத்தக் கணக்குகளைத் தொகுப்பது. முன்கூட்டிச் சொல்வது அந்த வேலையில் இல்லை. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் ஜான் பால் என்ற உறுப்பினர், இன்னும் சில ஆண்டுகளில் லண்டன் வானிலையை 24 மணி நேரம் முன்னதாகவே அறிந்துகொள்ள முடியலாம் என்றார். அவையில் சிரிப்பு எழுந்ததாக அவைக்குறிப்பே சொல்கிறது.

*

சிரிப்பு அடங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. 1859 அக்டோபர். 'ராயல் சார்ட்டர்' என்ற நீராவிக் கப்பல் மெல்பர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் சம்பாதித்தவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பும் கப்பல். இரண்டு மாதப் பயணம் முடிந்து, கரைசேர இன்னும் ஒரே ஒரு நாள்.

அக்டோபர் 25 மாலை காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. இரவில் வடகிழக்குக்குத் திரும்பிச் சூறாவளியின் வேகத்தை எட்டியது. வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவுக்கருகில் நங்கூரம் போட்டார்கள். சங்கிலிகள் அறுந்தன. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நீராவி எந்திரத்தால் அந்தக் காற்றை எதிர்க்க முடியவில்லை. 26-ஆம் தேதி விடிகாலை மொயெல்ஃப்ரே கிராமத்தை ஒட்டிய பாறைகளில் கப்பல் மோதி உடைந்தது. கரை கல்லெறியும் தூரம்தான். மால்டாவைச் சேர்ந்த ஒரு மாலுமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திக் கரையேறியதால் சிலர் பிழைத்தார்கள். சுமார் 40 பேர். மாண்டவர்கள் 450 பேருக்கு மேல். பெண்களிலோ குழந்தைகளிலோ ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த ஒரே புயலில் பிரிட்டனைச் சுற்றி 133 கப்பல்கள் மூழ்கின. எல்லாம் சேர்த்து 800 உயிர்கள் போயின என்பது கணக்கு.

ஃபிட்ஸ்ராய் அந்த நாட்களின் பதிவுகள் எல்லாவற்றையும் திரட்டினார். கலங்கரை விளக்கங்கள், துறைமுகங்கள், கப்பல்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் எந்த மணிக்கு என்ன காற்று, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்று வரைபடங்களில் குறித்தார். புயல் ஒரு உருவமாக அதில் தெரிந்தது. சுழன்றபடி, ஒரு பாதையில் நகர்ந்து வந்திருக்கிறது. நகரும் பொருளென்றால் அதைவிட வேகமாக ஓடும் ஒன்று இருந்தால் முந்திச்சென்று சொல்லிவிடலாம். அந்த ஒன்று ஏற்கெனவே இருந்தது: தந்தி.

*

1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. கரையோர நிலையங்கள் காலையில் எடுத்த அளவுகள் தந்தியில் லண்டனுக்கு வரும். அயர்லாந்தின் மேற்கு முனையில் அழுத்தம் சரிந்தால் இங்கிலாந்துக்குச் சில மணி நேரமாவது மிச்சம். ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். அங்கே கம்பத்தில் கித்தான் துணியால் செய்த கூம்பும் உருளையும் ஏறும். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து புயல்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. இரவில் விளக்குகள்.

தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல் இருக்கும். "நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." அந்தக் கூண்டை நான் சின்ன வயதில் கிளிக்கூண்டு மாதிரி கற்பனை பண்ணி வைத்திருந்தேன். இந்தியத் துறைமுகங்களில் பகலில் ஏற்றப்படுவதும் கூம்பும் உருளையும்தான், இரவில் விளக்குகள். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்த பிறகு, 1865-இல் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. ஃபிட்ஸ்ராயின் கூம்புக்கும் நாகைக் கூண்டுக்கும் ஜாடை அப்படியே இருக்கிறது.

துறைமுக எச்சரிக்கையோடு ஃபிட்ஸ்ராய் நின்றிருந்தால் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார் என்று நினைக்கிறேன். கையில் தினமும் இவ்வளவு தகவல் இருக்கும்போது அதைப் பொதுமக்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது அவருக்குச் சரியாகப்படவில்லை. 1861 ஆகஸ்ட் 1-ஆம் தேதி 'தி டைம்ஸ்' நாளிதழில் முதல் பொது வானிலை முன்னறிவிப்பு வந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து அடுத்த இரண்டு நாட்களுக்குச் சொன்னார். மூன்றுக்கும் நல்ல வானிலை. என் துணியை நனைத்த வட்டார அறிக்கைக்கு இதுதான் கொள்ளுத்தாத்தா.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் அவர் கவனமாக இருந்தார். கோள்களைப் பார்த்து ஆண்டு முழுமைக்கும் மழை சொல்லும் பஞ்சாங்கங்கள் அன்றைய லண்டனிலும் ஆயிரக்கணக்கில் விற்றன. அவற்றோடு தன் வேலை சேர்ந்துவிடக் கூடாது. ஆகவே தீர்க்கதரிசனம், ஆரூடம் போன்ற சொற்களை ஒதுக்கி 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை எடுத்தார். கிடைத்த தகவல்களை அறிவியல் முறையில் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு கருத்து, அவ்வளவுதான் என்று 1863-இல் தன் நூலில் விளக்கினார். கருத்து என்றால் தவறலாம்.

மக்கள் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை. சரியாக இருந்த நாட்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. வெயில் என்று சொல்லி மழை பெய்த நாளை யாரும் மறப்பதுமில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. அவருடைய அறிக்கையை அச்சிட்டுவந்த 'தி டைம்ஸ்' நாளிதழே 1864-இல் அவரைக் குத்தி எழுதியது. அறிவியலாளர்கள் வேறு பக்கத்திலிருந்து அடித்தார்கள். இதன் பின்னால் நிரூபிக்கப்பட்ட விதி எங்கே, வெறும் அனுபவ ஊகத்தை அரசாங்கத்தின் பெயரில் வெளியிடலாமா என்றார்கள்.

அவர்கள் கேட்டதும் நியாயம்தான். வளிமண்டலத்தின் இயற்பியல் சமன்பாடுகளைக் கையில் கணக்கிட்டு விடை காண அன்று வழி இல்லை. அது கைகூடியது 1950-இல், கணினி வந்த பிறகு. ஆனால் விதி கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவரை மூழ்கும் கப்பல்களுக்கு யார் பொறுப்பு? ஃபிட்ஸ்ராய் ராயல் சார்ட்டரின் பக்கத்தில் நின்று யோசித்தார்.

இன்னொரு சுமையும் அவர் மேல் இருந்தது. தான் கூட்டிப்போன இளைஞர் எழுதிய நூல் தன் விவிலிய நம்பிக்கையை உடைக்கிறது என்ற வேதனை. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பரிணாமம் பற்றிய புகழ்பெற்ற விவாதத்தில், கையில் விவிலியத்தைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து பேசினார். அந்த மாநாட்டுக்கு அவர் வந்ததே புயல்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கத்தான். கடவுளின் வானத்தை வரைபடமாக்கத் துணிந்த அதே ஆள் டார்வினை ஏற்கவில்லை. மனிதர்களை ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடிவதில்லை.

உடல் தளர்ந்தது, காது மந்தமானது, சொந்தப் பணம் பொதுவேலைகளில் கரைந்தது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிட்ஸ்ராய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 59. குடும்பத்தின் கடனை அடைக்க நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

அவருடைய வேலையை ஆராய பிரான்சிஸ் கால்டன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1866-இல் அன்றாட முன்னறிவிப்புகள் நின்றன, ஆண்டு முடிவதற்குள் புயல் எச்சரிக்கைகளும் நின்றன. சத்தம் போட்டவர்கள் கடலோர மக்கள். கூம்பு தவறினாலும் பரவாயில்லை, எங்களுக்கு அது வேண்டும் என்றார்கள். 1867-இல் கூம்பு திரும்ப ஏறியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு திரும்பி வர 1879 ஆனது.

*

தவறுவது அதோடு நின்றுவிடவில்லை. 1987 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விவசாயிகளுக்கான அறிக்கை, வார இறுதி நெருங்கும்போது மோசமான வானிலை வரும் என்று சொல்லியிருந்தது. நாட்கள் நெருங்க நெருங்கக் கணினிக் கணக்குகள் தடுமாறின. வியாழன்று பெருமழையைத்தான் அழுத்திச் சொன்னார்கள், காற்றை அல்ல. மைக்கேல் ஃபிஷ் என்ற அறிவிப்பாளர், சூறாவளி வருகிறதாம் என்று ஒரு பெண் தொலைபேசியில் சொன்னதாகவும் கவலை வேண்டாம் என்றும் சிரித்தபடி தொலைக்காட்சியில் சொன்னார். அன்றிரவு அடித்த காற்றில் பிரிட்டனில் 18 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. செவன்ஓக்ஸ் ஊரின் ஏழு ஓக் மரங்களில் மிஞ்சியது ஒன்று. அதன் பிறகு கவனிப்பு முறைகளையும் எச்சரிக்கை முறையையும் மாற்றி அமைத்தார்கள்.

இன்று போனில் "70 விழுக்காடு மழை" என்று வருகிறது. இதே மாதிரி நிலைமை பத்து முறை வந்தால் ஏழு முறை பெய்யும் என்று பொருள். மிச்ச மூன்று முறை காய்ந்து கிடந்தாலும் அறிக்கை பொய்யாகிவிடாது. ஃபிட்ஸ்ராய் 'கருத்து' என்று சொன்னதைத்தான் இப்போது எண்ணில் சொல்கிறார்கள். நாம்தான் இன்னும் "வருமா வராதா, ஒரே வார்த்தைல சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. எக்ஸிடரிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். மழையின் சத்தத்தில் அப்பாவின் குரல் சரியாகக் கேட்கவில்லை. "மழதானே மா, பாத்துக்கலாம்" என்றார். ஞாயிறு காலை யாரும் போனை எடுக்கவில்லை. தாமான் ஸ்ரீ மூடாவின் படங்கள் இணையத்தில் வந்துகொண்டிருந்தன, கூரை மட்டும் தெரியும் வீடுகள். மாலை அப்பா அழைத்தார். எல்லாரும் அத்தை வீட்டு மாடியில் இருக்கிறார்கள். கார் போய்விட்டது. தாத்தாவின் படம் போய்விட்டது.

"முன்னாடியே யாரும் ஒண்ணும் சொல்லலையா ப்பா?"

"போன்ல வந்துச்சு மா. மழைன்னு எப்பவும் வர்றதுதானே."

எனக்கு அவரிடம் கோபப்பட உரிமை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வெளுத்த வானத்தை நம்பித் துணி காயப்போட்ட ஆள் நான்.

பிரிட்டனின் வானொலியில் கப்பல்களுக்கான வானிலையைக் கடல் வட்டாரங்களின் பெயர் சொல்லி இன்றும் வாசிக்கிறார்கள். 2002-இல் அவற்றில் ஒன்றான ஃபினிஸ்டெருக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் திரும்பிய பிறகும் சில இரவுகளில் அதை இணையத்தில் கேட்பேன். அந்தப் பெயர் வரும். பிறகு காற்றின் திசை, வேகம், மழை. அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் துழாவிக்கொண்டிருப்பார். "சனிக்கிழம எண்பது விழுக்காடுன்னு போட்டிருக்கான் மா" என்பார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரியே காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். பல சனிக்கிழமைகளில் மழை வருவதில்லை. காரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பசியாறுகிறார். அறிக்கையை அவர் திட்டுவதில்லை.