காய்ச்சலும் பாய்ச்சலும்

சிரம்பானை அடுத்த அம்பாங்கானின் பெயர், அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு ஒட்டி நிற்பது. நெகிரி செம்பிலானின் பள்ளத்தாக்குகளில் மலாய் மக்கள் ஓடைகளை மறித்து நெல் விளைத்தனர். சூழ்ந்த குன்றுகளில் காடழித்து ரப்பர் நட்டவர் பெரும்பாலும் நம் முன்னோர். நீர் தேங்கியது கீழே. மலேரியா கொன்று குவித்ததோ மேலே, தோட்டத்து லயங்களில். இம்முரணை நம் பாடநூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது நம் குறை.

1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்துக் காட்டை வெட்டி அந்நோயைக் குறைத்தார். அதே முறை குன்றுகளில் பொய்த்தது. கரையோரச் சதுப்புக்காட்டின் நிழலில் வாழ்வது அனாபிலிஸ் அம்ப்ரோசஸ். காடழிந்த சரிவில், வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். கொசுவும் வேறு, அது விரும்பும் நீரும் வேறு. பேராவின் கிரியான் நெல்வெளியில் மலேரியா குறைவு என்பதையும் வாட்சன் பதிவு செய்தார். பின்னர்த் தோட்டத்து ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் அடக்கினர். எஞ்சிய நீரில் எண்ணெய் தெளித்தனர்.

இதனால் வயல்நீர் எங்கும் குற்றமற்றது என்று கொள்ளலாகாது. மலாயாவில் பழி நீங்கிய அதே நீர், தமிழ்நாட்டில் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் விஷ்ணுய் வகைக் கொசுக்களுக்குத் தொட்டிலாகிறது. 1955இல் வேலூர்ப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அடையாளம் காணப்பட்டது.

இவ்விடத்தில் உழவர் வழக்கு ஒன்று நினைக்கத்தக்கது. வயலைக் காயவிட்டு மீண்டும் நீர்விடுவதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பர். மேய் என்பதிலிருந்து மேய்ச்சல் பிறப்பது போலக் காய் என்பதிலிருந்து காய்ச்சல். நிலம் உலர்வதற்கும் உடல் கொதிப்பதற்கும் மொழி ஒரே சொல்லைத் தந்தது. முன்னது பின்னதைத் தடுக்கக் கூடும் என்பது சொல்லாய்வாளருக்கு இனிய தற்செயல். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும். அதற்குள் வயல் உலர்ந்தால் புழுக்கள் மடியும். திருந்திய நெல் சாகுபடியிலும் மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின்னரே நீர் பாய்ச்சுவர்.

ஆயினும் மேடுபள்ளமான வயலில், காலடிக் குழியில் எஞ்சும் நீரே கொசுவுக்குப் போதும். அடுத்த முறைநீர் என்று வருமென அறியாத கடைமடை உழவரோ, நின்ற நீரை எளிதில் வடியவிடுவதில்லை.