தமிழகத்தில் உடலியக்கவியல்: ஆடுகளமும் உப்பளமும்

தமிழகத்தில் உடலியக்கவியல் ஆய்வுத் துறையாகத் தோன்றவில்லை. ஆசிரியர் பயிற்சியாகவே தோன்றியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை ஐந்து மாணவர்களுடன் தொடங்கினார். பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற அந்நிறுவனத்தில் பயின்றோர் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியராகச் சென்றனர். ஊரார் அவர்களையும் ‘டிரில் வாத்தியார்’ என்றே அழைத்தனர் என்பது வேறு செய்தி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியுடன் பக் சென்றார். மாணவர் சாதனையைப் பதக்கத்தாலும் பணியமர்வாலும் அளக்கும் வழக்கம் இச்சூழலில் வேரூன்றியது.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவானது. உடற்பயிற்சி உடலியங்கியலும் உயிர்இயந்திரவியலும் அங்குத் தனித்துறையாயின. எனினும் இத்துறை ஆய்வேடுகளில் கல்லூரி விளையாட்டு வீரர், பன்னிரு வாரப் பயிற்சி, கட்டுப்பாட்டுக் குழு என்னும் வாய்பாடே மிகுதி. இது பக்கின் குறையன்று. எளிதில் கிடைக்கும் ஆய்வுக்களத்தோடு நின்றுவிட்டவர்களின் குறை.

இடையஞ்சாவடிக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களில் கொளுத்தும் வெயிலில் குனிந்து உப்பு வாருவதும், சுமையைத் தலையிலேற்றி வழுக்கும் வரப்பில் நடப்பதும் முதுகெலும்பு, முழங்கால், வெப்பத் தாங்குதிறன் பற்றிய ஆய்வுப் பொருள்களே. தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஆராய்ந்து, வெப்பச் சுமையையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவுசெய்தோர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள், உடற்கல்வியியலார் அல்லர்.