ஆனைக்காவும் நீலக் குழந்தைகளும்: கரையோர மரங்களின் கதை

1/ திருச்சி மக்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. திருவானைக்காவுல வர்ற 'கா'வுக்கு என்ன அர்த்தம்? சோலை. கோயிலோட தலமரம் வெண்நாவல். மூலவர் நீர் லிங்கம், சன்னதியிலேயே தண்ணி ஊறும். பக்கத்துல ஸ்ரீரங்கத்துக்குத் தலமரம் புன்னை. காவிரிங்கிற பேரையே 'கா விரி', அதாவது போற வழியெல்லாம் சோலையை விரிக்கிறவள்னு பிரிச்சுச் சொல்றதுண்டு. தண்ணியையும் மரத்தையும் நம்ம முன்னோர்கள் தனித்தனியா பார்க்கலை.

2/ 'டாக்டருக்கு மரத்துல என்ன வேலை?' நியாயமான கேள்வி. சென்னையில் பிறந்த ஹியூ கிளெக்ஹார்னும் டாக்டர்தான். 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். அவருடைய கவலை பெரும்பாலும் மலைக்காடுகள். நான் சொல்லப்போறது ஆத்தங்கரை, வாய்க்கால்கரை மரங்கள். அது உங்க வீட்டுக் கைக்குழந்தையோட ரத்தம் வரைக்கும் வர்ற விஷயம்.

3/ வருஷம் 1945. அமெரிக்காவின் ஐயோவா மாநிலம். உடம்பு நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பற்றி ஹன்டர் காம்லி என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை நீலமா இருந்தா நாங்க முதல்ல இதயத்தைத்தான் சந்தேகப்படுவோம். காம்லி கை காட்டினது கிணத்தை! பால் பவுடர் கரைச்சுக் கொடுத்த கிணத்துத் தண்ணியில நைட்ரேட் அளவுக்கு மேல இருந்தது.

4/ நைட்ரேட் எங்கிருந்து வருது? சாணம், மனுஷக் கழிவு, உரம். இது குழந்தை வயித்துல நைட்ரைட்டா மாறி, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததா ஆக்கிடும். அதான் நீலம். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

5/ இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: தண்ணியைக் கொதிக்க வச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். நம்ம நாட்டில் குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

6/ குழந்தைக்கு மருந்து இருக்கு, மெத்திலீன் ப்ளூ. நிலத்தடி நீருக்கு, ஆத்துக்கு என்ன மருந்து? அதுக்கு ஒரு நல்ல பதில் 1984-ல் வந்தது. மேரிலாந்தில் பீட்டர்ஜான், காரெல் என்ற ரெண்டு ஆய்வாளர்கள். ஒரு சோளக்கொல்லை, அதுக்குக் கீழே ஒரு ஓடை, நடுவுல சுமார் 50 மீட்டர் அகலத்துக்கு மரங்கள். வயல்ல இருந்து வந்த நைட்ரஜன்ல 89 சதவீதத்தை அந்த மரப்பட்டை பிடிச்சு வச்சிருச்சு. ஓடைக்குப் போனது மிச்சம்தான்.

7/ எப்படி? மரம் பாதி, மண் பாதி. கரையோர மண் எப்பவும் ஈரம், உள்ளே ஆக்சிஜன் கம்மி. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை சாதாரண நைட்ரஜன் வாயுவா மாத்தி காத்துல விட்டுடும். அதுங்களுக்குச் சாப்பாடு, உதிர்ந்த இலையும் வேரும். மேலே வழிஞ்சு வர்ற சேறு சருகுல தங்கிடும், அதோட ஒட்டிக்கிட்டு வர்ற பாஸ்பரஸும் கிருமிகளும் பெருமளவு குறையும். நிழல் விழறதால பாசியும் அடங்கும். சுருக்கமா, கரைதான் ஆத்தோட கிட்னி.

8/ இதை நம்பிப் பெரிய முடிவு எடுத்த ஊர் நியூயார்க். பல நூறு கோடி டாலர்ல சுத்திகரிப்பு ஆலை கட்டணும்னு நிலைமை. 1997-ல், தண்ணி வர்ற கேட்ஸ்கில் மலைப்பகுதி மக்களோட ஒப்பந்தம் போட்டாங்க. நிலத்தைப் பாதுகாக்க, மாடுகள் ஓடையில் இறங்காம இருக்க, கரையில் மரம் வைக்க நகரமே பணம் கொடுத்தது. ஆனா அதே ஒப்பந்தத்துல அந்த ஊர்களோட கழிவுநீர் நிலையங்களையும் செப்டிக் டேங்குகளையும் சரிசெய்யவும் பணம் போச்சு. இதை மறக்காதீங்க, திரும்ப வருவேன்.

9/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜ சோழன் காலத்ததுன்னு சொல்றாங்க, அந்தப் பேரே அவரோட பட்டப்பெயர். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிஞ்சு, திருச்சி நகரத்துக்குள்ளே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர். ஆயிரம் வருஷமா வயலுக்குத் தண்ணி கொடுக்கிற வாய்க்கால், இன்னிக்கு நகரத்தைத் தாண்டும்போது எப்படி நாறுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

10/ 'சரி டாக்டர், கரை முழுக்க மரம் நட்டுடலாமா?' நடணும். ஆனா மேரிலாந்தில் அந்தத் தண்ணி மண்ணுக்குள்ளே, வேர்களுக்கு நடுவே, மெதுவா நடந்து வந்தது. நம்ம ஊர்ல சாக்கடை குழாய் வழியா நேரா வாய்க்கால்ல விழுது. மரம் மேலே நிக்குது, கழிவு அதுக்குக் கீழேயே குழாய்ல போயிடுது. வேர் எதை வடிகட்டும்? வாயைக் கட்டாம சுகர் மாத்திரை போடற மாதிரிதான் இது.

11/ அதனால வரிசை முக்கியம்.
முதல்ல குழாயை அடைக்கணும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும்.
ரெண்டாவது, கரை முழுக்க கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும். மண் கசிஞ்சு வடிகட்டுற வழியை அது மூடிடும்.
மூணாவது மரம். மழைநீர் வழிஞ்சு வர்ற மேட்டுப் பக்கத்துல பட்டையா நடணும், ஒத்தை வரிசை போதாது. நீர்மருது, நாவல், புங்கன் எல்லாம் ஈரக்கரைக்குப் பழகின நம்ம மரங்கள். மருத நிலத்துக்கே பேர் கொடுத்தது மருதமரம்தானே!

12/ 'நாங்க குடிக்கிறது வாய்க்கால் தண்ணி இல்லையே'ன்னு நினைக்கலாம். திருச்சிக் குடிநீர் காவிரி, கொள்ளிடம் ஆத்துப் படுகையில இருக்கிற கிணறுகள்ல இருந்துதான் வருது. ஆத்து மணல்தான் நம்ம முதல் ஃபில்டர். கரையை விட்டா அடுத்தது அந்த மணல்தான். வாய்க்கால் ஓரத்து வீட்டுக் கிணறு, போர் எல்லாம் இன்னும் கிட்டத்துல இருக்கு.

13/ கடைசியா ரெண்டு வேண்டுகோள். கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கொடுக்க வேண்டியிருந்து, வீட்டுல போர் தண்ணின்னா, ஒரு தடவை நைட்ரேட் டெஸ்ட் பண்ணிடுங்க. அடுத்து, ஆடிப்பெருக்குக்கு அம்மாமண்டபம் போறவங்க, வழியில ஏதாவது ஒரு வாய்க்கால் பாலத்துல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. கரையில எத்தனை மரம், எத்தனை குழாய்னு எண்ணுங்க. குழாய் அதிகமா இருந்தா உங்க கவுன்சிலர்கிட்ட முதல்ல குழாயைப் பத்திக் கேளுங்க. மரக்கன்று அதுக்கப்புறம்.