நம்ம ஊர்ப் பட்டிப்பூவும் சீனி வருத்தமும்



வெள்ளவத்தை ரயில் பாதை ஓரத்திலும் கொட்டாஞ்சேனை மதில் வெடிப்புகளிலும் யாரும் நடாமலே பூத்து நிற்கும் பட்டிப்பூவை நாம் எல்லோரும் அறிவோம். நித்தியகல்யாணி என்பதும் இதுதான். மையவாடி, கனத்தை எங்கும் வளர்வதால் சிங்களத்தில் இதற்கு மினீமல், அதாவது பிணப்பூ, என்று பெயர்.

அடையாளம் இலேசு. சோடி சோடியாக எதிரெதிரே பளபளப்பான இலை, அதன் நடுவில் வெளிறிய நரம்பு. இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ ஐந்து இதழ். இலையைக் கிள்ளினால் பால் வரும். கசப்பு என்பதால் ஆடு மாடுகூடப் பெரும்பாலும் வாய் வைக்காது.

இதன் தாயகம் மடகஸ்கார். கப்பலேறி நம் கரைக்கும் வந்தது, கரீபியன் தீவுகளுக்கும் போனது. இங்கும் அங்கும் இலையை அவித்துச் சீனி வருத்தத்துக்குக் குடித்தார்கள். 1952இல் ஜமெய்க்காவிலிருந்து ஒரு வைத்தியர் இந்த இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபல் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாயால் கொடுத்தபோது சீனி குறையவில்லை. சாற்றை ஊசியால் ஏற்றியபோது வெள்ளை அணுக்கள் சரிந்து, கிருமித்தொற்றினால் எலிகள் செத்தன.

வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்? அந்தத் திசையில் தேடி, 1958இல் நோபலும் சார்ள்ஸ் பியரும் வின்பிளாஸ்டின் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. வேறு மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுக்கும் நல்ல சிகிச்சையில் இன்று பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

இந்த வரலாற்றை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. "புற்றுநோய்க்கே மருந்தாம்" என்று கேட்டு, நம்மவர்களில் சிலர் இலையை அவித்துக் குடிக்கிறார்கள். வைத்தியசாலையில் ஏற்றுவது மில்லிகிராமில் அளந்த மருந்து. இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள். அடுப்புச் சட்டியில் அந்த அளவு ஏது? சீனி வருத்தக்காரருக்கு ஏற்கெனவே புண் ஆறத் தாமதமாகும், கிருமி இலேசில் தொற்றும். வெள்ளை அணுவையே குறைக்கக்கூடிய இலை அவர்களுக்கு எதற்கு? கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

வீட்டில் யாராவது குடித்தால் கிளினிக் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குளிசையை நிறுத்த விடாதீர்கள். பூ மதிலிலேயே பூக்கட்டும்.