முன்பணமும் உரிமைப் பணமும்

“எனக்கு வந்த காசுலயே இது ஒண்ணுதாம்மா யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத காசு.”

இதைச் சொன்ன அக்காவுக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு காலனி. கணவர் விட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தவர். மந்தைவெளியில் ஒரு வீடு, அடையாறில் இரண்டு வீடு. பாத்திரம் தேய்ப்பார், துணி துவைப்பார், பெருக்கித் துடைப்பார். அவர் சொன்ன காசு, கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதாமாதம் வரும் 1000 ரூபாய்.

தோழர்களே, இந்த 1000 ரூபாயை “இலவசம்” என்று சொல்லிச் சிரிப்பவர்களை மயிலாப்பூர்த் திண்ணையிலும் பார்க்கிறோம், கல்லூரிக் கருத்தரங்கிலும் பார்க்கிறோம். அவர்களுக்குப் பதில் சொல்லும் முன் நம் வரலாற்றிடம் ஒரு கேள்வி கேட்போம்: சேரிப் பெண்ணின் கைக்கு இதுவரை பணம் எந்த வழியாக வந்தது?

நெல், துண்டு, முன்பணம்

தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாளுக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்கால் யார் கையிலோ, அளவும் அவர் கையில். நெல் வயிற்றுக்குப் போகும். அதை வைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்க முடியாது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு 16 ஆண்டுகள் கழித்தும், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் செங்கொடியின் கீழ்ச் சங்கமாகச் சேர்ந்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

நெல்லை விட்டுக் காசைத் தேடிப் போனவர்களில் பெருந்திரளானோர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே முதல் காசு கங்காணியின் முன்பணமாக வந்தது. வழிச்செலவும் சேர்ந்து அது கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைக் குறித்த “துண்டு” வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் நகரலாம். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் ஒழியவில்லை. இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதன் பிறகும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டதை நாம் அறிவோம். அங்கும் சங்கிலி அதே முன்பணம்தான்.

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வரலாறு இருக்கிறது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் சேமிப்பார்கள், வீட்டையோ நகையையோ ஈடு வைத்துக் கடன் வாங்குவார்கள். அந்தக் கடன் வீடு கட்ட உதவியது, பிள்ளைகளைப் படிக்க வைக்க உதவியது. ஈடு வைக்கச் சொத்து உள்ளவருக்குக் கடன் ஓர் ஏணி. சேரியில் ஈடு வைக்க இருந்தது உடம்பு மட்டும்தான். அதனால் அங்கே கடன் ஆளையே கட்டிப் போட்டது. இரண்டையும் “கடன்” என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

அரசு கொடுத்தபோது

அரசுப் பணத்துக்கும் நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1962இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது தொகை மாதம் 20 ரூபாய். 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஓய்வூதியம் வந்தது. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் தொடங்கியது. அடையாறில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் கட்டியெழுப்பியவரின் பெயர் அது.

எல்லாமே போராடிப் பெற வேண்டிய நல்ல திட்டங்கள். ஆனால் வாசலில் நிற்கும் பெண்ணிடம் அவை கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். கணவர் விட்டுப் போய் 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்தின் பிரிவுச் சான்று வேண்டும். 22 வயதில் கைக்குழந்தையோடு தெருவில் நின்றவர் பசியோடு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா? மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும், அதுவும் 19 வயது நிரம்பியவருக்கு மட்டும். இளவயதில் திருமணம் செய்து வைக்கப்பட்ட பெண் தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறார்.

நிபந்தனையற்ற பணம் என்று நாம் சொல்வதன் பொருள் இங்கே தெளிவாக வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று வகுப்பது தகுதி. வாங்கியபின் அதை எதற்குச் செலவு செய்ய வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது நிபந்தனை. மகளிர் உரிமைத் தொகையில் இரண்டாவது இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் போனது. பெண்களின் ஊதியமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. முன்பண வரலாற்றின் கை அத்தனை நீளம்.

எட்டு மாதக் கணக்கு

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். 2021இல் கொரோனா நிவாரணமாக அரிசி அட்டைக்கு 4000 ரூபாய், இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். அக்காவின் பெயர் அப்போது மாமனார் பேரில் இருந்த ரேஷன் கார்டில் இருந்தது. பணம் அங்கே போனது; அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ரூபாய் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பெயர் நீக்கம், தனிக் கார்டு என்று அலைந்தார். வேலைக்கு விடுப்பு, பேருந்துக் காசு, மனு எழுதும் காசு எல்லாம் போட்டு, கடைசியில் கார்டு கையில் வந்தது. 2023இல் அந்தக் கார்டுதான் அவரை அந்த 1 கோடியே 6 லட்சம் பேரில் ஒருவராக்கியது.

அவருக்கு அப்போது 5000 ரூபாய் கடன், பத்து வட்டிக்கு. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். மாதம் 500 ரூபாய் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. அசல் அப்படியே நின்றது. கடன்காரரிடம் பேசி அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட ஒப்புக்கொள்ள வைத்தார். முதல் மாதம் வட்டி 500, அசலுக்கு 500. அடுத்த மாதம் வட்டி 450, அசலுக்கு 550. இப்படியே போய் எட்டாவது மாதம், 2024 ஏப்ரலில், கடன் தீர்ந்தது. மே மாதம் வேலையை விட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளை அவரே கூட்டிக்கொண்டு போனார். இப்போது ஊரில் காலையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை. நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போகிறார்.

1000 ரூபாய் அவர் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். உழைத்தவர் அவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர் அம்மா. ஆனால் வட்டிக்குப் பயந்து எந்த வேலைக்கும் தலையாட்டிய ஒருவர், முடியாது என்று சொல்லும் நிலைக்கு வந்தார். பிடிமானம் இல்லாத காசு கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

இது ஒருவர் கதை மட்டுமல்ல. 2011, 2012ஆம் ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யுனிசெஃப் நிதியுதவியோடு ஒரு சோதனை நடத்தியது. எட்டு கிராமங்களில் எல்லாருக்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல், பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய். பின்னர் அது 300, 150 என உயர்ந்தது. குழந்தைகளின் பங்கு தாயிடம் கொடுக்கப்பட்டது. பணம் வாங்காத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பணம் வந்த வீடுகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்து கூடியது, கடன் சுமை குறைந்தது, சொந்த வயலிலும் சிறு தொழிலிலும் உழைப்பு கூடியது. சும்மா பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. தலித், பழங்குடிக் குடும்பங்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே யார் அதிகமாகக் கட்டுண்டிருக்கிறார்களோ அவர்களுக்குத்தானே அவிழ்ப்பதும் அதிகமாகத் தெரியும்.

கார்டுக்கு வெளியே நிற்பவர்கள்

பாராட்டிவிட்டுப் போய்விட முடியாது. 2023இல் வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். முதலில் ஏற்கப்பட்டவை 1 கோடியே 6 லட்சம். ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்பது விதி. அக்காவின் தங்கையும் கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறார். அம்மாவின் கார்டில்தான் அவர் பெயரும். இரண்டு தாய்கள், ஒரு கார்டு, ஒரு தொகை. குடும்பம் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே கூரையும் என்று காகிதம் நினைக்கிறது. நம் காலனிகளில் குடும்பம் அப்படி மட்டும் இல்லை.

1000 ரூபாய் நிலம் ஆகாது, நியாயமான கூலி ஆகாது. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைக் கேட்கும் போராட்டத்தை இந்தத் தொகை ஈடு செய்யாது. அதைக் காட்டி நூறு நாள் வேலையிலோ விடுதி மாணவர் உதவியிலோ கை வைக்க யாரையும் விடக் கூடாது.

களத்துக்குப் போகும் மாணவத் தோழர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் காலனியில் தனித்து வாழும் தாய்மாரின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவர் பெயரும் யார் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் நீக்கத்துக்கும் புதிய கார்டுக்கும் அவரோடு வட்ட வழங்கல் அலுவலகம் வரை போங்கள். மனு எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும்.

மரக்கால் வைத்திருந்தவரும், துண்டு எழுதியவரும், முன்பணம் கொடுத்தவரும் நம் பாட்டிகளிடம் கணக்குக் கேட்டார்கள். இனி கணக்குக் கேட்பது நம் முறை. அந்தத் தங்கையின் கார்டிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.